செஸ் எஞ்சினுக்கு ஓப்பனிங் புக் கற்றல் தேவையா? முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நானே எழுதிய ஒரு சின்னச் செஸ் எஞ்சினை, அதாவது தானாகச் செஸ் ஆடும் நிரலை, லிச்செஸ் என்ற இலவச இணையச் செஸ் தளத்தில் பாட் கணக்காக (மனிதருக்குப் பதில் நிரல் ஆடும் கணக்கு) ஆட விட்டிருந்தேன். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், ஒரே எதிராளியிடம் இரவு முழுக்க ஒன்பது ஆட்டம் தோற்றிருந்தது. ஒன்பதிலும் முதல் 14 நகர்வுகள் அச்சு அசலாக ஒன்றுதான். ஓப்பனிங் புக்கில், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் யோசிக்காமல் ஆட வேண்டிய நகர்வுகளைச் சேர்த்து வைத்த கோப்பில், இருந்த ஒரு மோசமான வரிசைக்குள் ஒவ்வொரு தடவையும் தானாகவே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. தோற்ற வழியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை வேறு வழியில் போகும்படி எஞ்சினுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே இறங்கினேன். சரியாக வேலை செய்யும் நிலைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தவறான இடங்களில் போனது. அது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே எதிராளிகளுடன், வழக்கமான தொடக்க நிலையிலிருந்து, தன் சொந்தப் புக்கை வைத்துத் திரும்பத் திரும்ப ஆடும் எஞ்சினுக்குக் கற்றல் பயன்படும். தோற்ற ஆட்டத்தையே மறுபடி தோற்காமல் அது காப்பாற்றும். எஞ்சினின் பலத்தைக் கூட்டாது. பலம் கூட வேண்டும் என்றால் தேடலையும் (நகர்வுகளை முன்னோக்கி ஆராய்வது) மதிப்பீட்டையும் (ஒரு நிலை எவ்வளவு நல்லது என்று மதிப்பெண் போடுவது) கவனியுங்கள். அங்கே செலவிடும் ஒரு வாரம் புக்கில் செலவிடும் ஒரு மாதத்தைவிட மேல்.

1. எஞ்சின் எங்கே ஆடப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான் என் முதல் தவறு. உங்கள் நோக்கம் எஞ்சின் தரவரிசைப் பட்டியல்களில் இடம் பிடிப்பது என்றால் கற்றலை இப்போதே மறந்துவிடலாம். எஞ்சின்களுக்கான டிசிஇசி போட்டியில் தொடக்க நகர்வுகளைப் போட்டி நடத்துபவர்களே தருகிறார்கள். ஒரே ஓப்பனிங்கை இரண்டு எஞ்சின்களும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடும். சிசிஆர்எல் என்ற எஞ்சின் தரவரிசைப் பட்டியலில் எல்லோருக்கும் பொதுவான புக், அதுவும் 12 நகர்வு வரைதான். முன்னணி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ்ஷின் மாற்றங்களைச் சோதிக்கும் ஃபிஷ்டெஸ்ட் அமைப்பிலும் ஓப்பனிங் வெளியிலிருந்துதான் வருகிறது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் புக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. இப்படிப்பட்ட இடங்களில் நீங்கள் கற்றுக்கொடுத்த எதுவும் பயன்படாது.

லிச்செஸ் பாட், சொந்தப் புக்கை அனுமதிக்கும் நண்பர்கள் போட்டி, ஒரே ஆட்கள் நாள்தோறும் வந்து மோதும் சர்வர் ஆகியவைதான் கற்றலுக்கு இடம் தருபவை. ராபர்ட் ஹயட்டின் க்ராஃப்டி எஞ்சின் இணைய சர்வர்களில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வழியில் ஜெயித்தவர் அதே வழியில் திரும்பத் திரும்ப வருவார். புக் கற்றலைப் பற்றி ஹயட் 1999-இல் ஐசிசிஏ ஜர்னல் என்ற கணினிச் செஸ் ஆய்விதழில் கட்டுரை எழுதியது இந்தச் சூழலிலிருந்துதான். உங்கள் சூழலும் இப்படி என்றால் தொடருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

கணக்கு: லிச்செஸ் பாட் கணக்குக்கு ஒரு புதிய கணக்கைத் தொடங்குங்கள். அதில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கக் கூடாது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தாலும் அந்தக் கணக்கைப் பாட்டாக மாற்ற முடியாது. மாற்றிய பிறகு திரும்ப மனிதக் கணக்காக்கவும் வழியில்லை.

டோக்கன்: பாட்டாக ஆடும் அனுமதியைத் தேர்ந்தெடுத்து ஏபிஐ டோக்கன் (நிரல் உங்கள் கணக்கில் நுழையத் தேவையான ரகசியக் குறியீடு) உருவாக்குங்கள். அது திரையில் ஒரே ஒரு முறைதான் தெரியும். உடனே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நிரலோடு சேர்த்துப் பொதுவெளியில் ஏற்றிவிட்டால் உடனே அந்த டோக்கனை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.

மென்பொருள்: புக் கட்டப் பாலிகிளாட், ஆட்டங்களைச் சலித்தெடுக்க பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட், எஞ்சின்களை மோதவிடக் க்யூட்செஸ், புக்கைப் படித்துப் பார்க்க பைதான்-செஸ் நூலகம், சர்வரோடு இணைக்க லிச்செஸ்-பாட். எல்லாமே இலவசம்.

ஆட்டங்கள்: லிச்செஸ் தன் சர்வரில் நடந்த தரவரிசை ஆட்டங்களை மாதவாரியாக இலவசமாகத் தருகிறது. இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அண்மை மாதக் கோப்பு ஒன்று சுருக்கிய நிலையிலேயே சுமார் 30 ஜிபி. விரித்தால் ஏழு மடங்கு. என் டிஸ்க் பாதி வழியில் நிறைந்து நின்றுவிட்டது. விரித்து வைக்காதீர்கள். விரிக்கும் நிரலின் வெளியீட்டை நேராகச் சலிக்கும் நிரலுக்குள் செலுத்துங்கள். முதல் தடவைக்கு 2013 ஜனவரிக் கோப்பே போதும். அதில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் ஆட்டங்கள்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வழிமுறை கைவந்தபின் பெரிய கோப்புக்குப் போகலாம். வல்லுநர்களின் ஆட்டங்கள் மட்டும் போதும் என்றால் 'த வீக் இன் செஸ்' வாராவாரம் இலவசமாகத் தரும் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. இரவெல்லாம் ஓடும் கணினியின் மின்கட்டணமும் உங்கள் நேரமும்தான் செலவு. புக் கட்ட ஒரு வார இறுதி, சரிபார்க்க இரண்டு மாலைகள், கற்றல் நிரல் எழுத ஒரு வாரம், அதன்பின் பலன் தெரியக் குறைந்தது ஆறு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் புக்கைக் கட்டுங்கள்

புக் மோசமாக இருந்தால் கற்றல் அதைக் காப்பாற்றாது. நான் பட்ட தோல்விகளில் பெரும்பாலானவை கற்றல் இல்லாததால் வந்தவை அல்ல. புக்கையே கவனமில்லாமல் கட்டியதால் வந்தவை.

பாலிகிளாட் ஒரு நகர்வுக்கு எடை (அதைப் புக் எவ்வளவு அடிக்கடி தேர்ந்தெடுக்கும் என்பதற்கான எண்) போடும் விதத்தைப் பாருங்கள்: வெற்றிகளை இரண்டால் பெருக்கி, டிராக்களைக் கூட்டும். அவ்வளவுதான். ஒரு நகர்வு 1000 ஆட்டங்களில் வந்து, 400 வெற்றி, 100 டிரா, 500 தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 900. இன்னொரு நகர்வு 100 ஆட்டங்களில் வந்து 55 வெற்றி, 10 டிரா. எடை 120. இரண்டாவதுதான் நல்ல நகர்வு. ஆனால் புக் ஏழு மடங்குக்கும் மேலாக முதலாவதையே ஆடும். பலரும் ஆடுகிறார்கள் என்பதே எடையாகிவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. இரு குதிரைத் தற்காப்பில் வெள்ளை நான்காவது நகர்வில் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவரும்; கறுப்பு டி5; வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும். உடனே குதிரையால் திருப்பி வெட்டுவது பழகுநர்களின் ஆட்டங்களில் எக்கச்சக்கமாக வரும். அப்போது வெள்ளை எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடும். தேர்ந்தவர்கள் அங்கே குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோவார்கள். தரம் பார்க்காமல் ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டிய என் முதல் புக், கறுப்பாக ஆடும்போது அந்தச் சிப்பாயைக் குதிரையால் வெட்டுவதையே விரும்பியது.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள். இருவரின் ரேட்டிங்கும் 2200-க்கு மேல் உள்ள ஆட்டங்களை மட்டும் வடிகட்டுங்கள். புல்லட் எனப்படும் மிகக் குறுகிய நேர ஆட்டங்களை நீக்குங்கள். அங்கே நேரம் தீர்ந்து தோற்றவர் நல்ல நிலையில் இருந்திருக்கலாம். இரட்டிப்பு ஆட்டங்களைக் களையுங்கள். பிறகு குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையைப் பாலிகிளாட்டில் 20-க்குக் குறையாமல் வையுங்கள். பலரும் மாற்றாமல் விட்டுவிடும் 3 மிகக் குறைவு. ஒருவர் செய்த தவறு மூன்று முறை நகலெடுக்கப்பட்டாலே புக்கில் ஏறிவிடும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் தனித்தனிப் புக் கட்டிப் பிறகு இணைக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆழத்தில் ஒரு குழப்பம் வரும். பாலிகிளாட் அரை நகர்வுகளை எண்ணும், அதாவது வெள்ளையின் நகர்வு ஒன்று, கறுப்பின் பதில் இன்னொன்று. லிச்செஸ்-பாட் அமைப்புக் கோப்பில் உள்ள அதிகபட்ச ஆழம் முழு நகர்வுகளில். பாலிகிளாட்டில் 24 என்று கொடுத்தால் லிச்செஸ்-பாட்டில் அது 12. நான் இரண்டிலும் 24 போட்டுவிட்டுப் புக் பாதியில் தீர்ந்துபோவதாக ஒரு வாரம் தேடினேன்.

4. புக் சரியாகப் படிக்கப்படுகிறதா என்று பாருங்கள்

உங்கள் எஞ்சினே புக்கைப் படிப்பதாக இருந்தால் இந்தப் படி கட்டாயம். ஒரு பதிவு 16 பைட்: நிலையின் விசை எண் (பலகையில் உள்ள நிலையை அடையாளம் காட்டும் எண்) 8, நகர்வு 2, எடை 2, கற்றலுக்கென ஒதுக்கியது 4. எண்ணின் அதிக மதிப்புள்ள பைட் முன்னால் வரும். நம் கணினிகளின் வழக்கத்துக்கு நேர்மாறு. சில நிலைகளுக்கு வர வேண்டிய விசை எண்களை வடிவ விளக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நிரலில் அதே எண்கள் வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இரண்டு இடங்களில் எல்லோரும் விழுவார்கள். கோட்டை கட்டுவதைப் பாலிகிளாட் 'ராஜா தன் யானையை வெட்டுவது' போல, அதாவது ஈ1-இலிருந்து எச்1 என்று எழுதும். உங்கள் நிரலுக்கு அது தெரியாவிட்டால் செல்லாத நகர்வு என்று ஆட்டம் கைவிட்டுப் போகும். அடுத்தது ஆன்பஸான் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் பக்கத்தில் நிற்கும் எதிரிச் சிப்பாய் வெட்டும் விதி): சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டியதும் அதை விசை எண்ணில் சேர்த்துவிடக் கூடாது, பக்கத்தில் எதிரிச் சிப்பாய் நின்றால் மட்டுமே சேர்க்க வேண்டும். இதில் தவறினால் பிழைச்செய்தி எதுவும் வராது. புக் சில நிலைகளில் மட்டும் சத்தமில்லாமல் வேலை செய்யாமல் போகும்.

5. கற்றல் இல்லாமல் முதலில் ஓர் அளவு எடுங்கள்

க்யூட்செஸ்ஸில் புக்குடன் ஒரு முறை, புக் இல்லாமல் ஒரு முறை, ஒரே எதிராளியுடன் 1000 ஆட்டம் ஓடவிடுங்கள். ஆளுக்கு 10 விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல் என்று வைத்து நான்கு ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். பாதி ஆட்டம் டிராவாகும் நிலையில் 1000 ஆட்டத்துக்கும் பிழை எல்லை 15 ஈலோ (ரேட்டிங் புள்ளி) அளவுக்கு இருக்கும். அதற்குள் வரும் வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. எதிலிருந்து கற்பது என்று தேர்ந்தெடுங்கள்

எளிதான வழி, வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பது. ஜெயித்தால் எடையைக் கூட்டு, தோற்றால் குறை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது ஏன் நொண்டுகிறது என்று ஒரு கணக்கில் தெரியும். பாதி ஆட்டம் டிராவாகும் எதிராளியுடன் ஒரு நகர்வை 16 முறை ஆடிப் பார்த்தால், கிடைக்கும் சதவீதத்தில் இரு பக்கமும் 18 வரை தற்செயலாகவே விலகலாம். 100 முறை ஆடினால் 7. அதாவது 16 ஆட்டத்தில் 60 சதவீதம் எடுத்த நகர்வையும் 45 எடுத்த நகர்வையும் பிரித்துச் சொல்லவே முடியாது. முதல் நகர்வில் 20 தேர்வுகள். பத்தாவது நகர்வுக்குள் மரம் எவ்வளவு விரியும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கிளைக்கும் 100 ஆட்டம் சேராது.

அதனால்தான் க்ராஃப்டி வேறு வழியில் போனது. புக்கிலிருந்து வெளியே வந்ததும் அடுத்த பத்து நகர்வுகளில் எஞ்சினின் சொந்த மதிப்பெண் எப்படிப் போகிறது என்று பார்ப்பது அந்த முறை. வெளியே வந்தவுடனே ஒரு சிப்பாய் அளவு பின்தங்கியிருந்தால் குற்றம் புக்கின் மேல். வரும்போது சமமாக இருந்து 30-ஆவது நகர்வில் சரிந்தால் அது எஞ்சினின் தவறு. புக்கைத் தண்டிக்கக் கூடாது. ஒரே ஆட்டத்திலிருந்து பத்து மதிப்பெண்கள் கிடைப்பதால் குறைந்த ஆட்டங்களிலேயே விஷயம் புரிகிறது. இதற்கு ஒவ்வொரு நகர்விலும் மதிப்பெண்ணைப் பதிவுக் கோப்பில் எழுதும்படி எஞ்சினை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.

நான் கடைசியில் வைத்துக்கொண்டது இரண்டும் கலந்த முறை. வெளியே வந்தபின் முதல் பத்து நகர்வுகளின் சராசரி மதிப்பெண் மைனஸ் 0.5 சிப்பாய்க்குக் கீழே இருந்தால் மட்டுமே அந்த ஆட்டத்தைப் பற்றி யோசிப்பேன். பிறகு கிடைத்த புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழித்து, அதை 0.2-ஆல் பெருக்கி, அந்த விகிதத்தில் எடையை மாற்றுவேன். சமமான எதிராளியிடம் தோற்றால் எடை 10 சதவீதம் குறையும். தொடர்ந்து ஒன்பது தோல்விக்குப் பிறகு ஏறக்குறைய 39 சதவீதம்தான் மிஞ்சும்.

எதிர்பார்த்த புள்ளியை விட்டுவிடாதீர்கள். உங்களைவிட 400 ரேட்டிங் அதிகமுள்ள எதிராளியிடம் நீங்கள் எடுக்கக்கூடியது சராசரியாக 0.09 புள்ளிதான். அவரிடம் தோற்றதற்காக ஓப்பனிங்கைக் குறை சொல்வது நியாயமில்லை. இதைக் கணக்கில் எடுக்காத காலத்தில், ஒரு பலமான பாட் ஒரு வாரம் தொடர்ந்து சவால் விட்டதில் என் எஞ்சினின் நல்ல வரிசைகள் எல்லாம் தேய்ந்துபோயின.

கற்றலில் சேர்க்கக் கூடாத ஆட்டங்களையும் முதலிலேயே ஒதுக்குங்கள்: நேரம் தீர்ந்தவை, இணைப்பு அறுந்தவை, எஞ்சின் செயலிழந்து முடிந்தவை. வெற்றிக்குத் தரும் கூடுதலைத் தோல்விக்கான கழிவில் பாதியாக வையுங்கள். இல்லாவிட்டால் பலவீனமான பாட்களிடம் ஜெயித்த ஓரிரு வரிசைகளுக்குள் எஞ்சின் சுருங்கிவிடும்.

7. தண்டனை எந்த நகர்வுக்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒரு வரிசையில் உங்கள் எஞ்சின் பன்னிரண்டு நகர்வு ஆடியிருக்கிறது. எதைக் குறைப்பது? எல்லாவற்றையும் குறைத்தால் கொஞ்ச நாளில் முதல் நகர்வே பாழாகும். என் எஞ்சின் ஈ4-ஐக் கைவிட்டு ஓரச் சிப்பாயை நகர்த்தியது இப்படித்தான். தவறு ஒன்பதாவது நகர்வில் இருந்தது.

கடைசிப் புக் நகர்விலிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்கள் பக்கத்துக்கு வேறு நல்ல தேர்வும் இருந்த முதல் இடத்தில் நின்று அந்த நகர்வை மட்டும் குறையுங்கள். அதற்குப் பின்னால் தேர்வே இல்லாத நகர்வுகளைத் தொட வேண்டாம். எங்கேயும் தேர்வு இல்லையென்றால் கடைசி நகர்வைப் புக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். எஞ்சின் அங்கே தானாக யோசிக்கட்டும்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று ஒத்தெல்லோ ஆட்டத்தில் இருக்கிறது. 1997-இல் உலக சாம்பியன் தகேஷி முராகாமியை 6-0 என்று வென்ற லாஜிஸ்டெல்லோ நிரலை எழுதிய மைக்கேல் பூரோ, புக்கில் உள்ள ஒவ்வொரு நிலையிலும் இதுவரை ஆடாத நகர்வுகளில் சிறந்ததையும் அதன் தேடல் மதிப்பையும் சேர்த்தே வைத்தார். முனைகளின் மதிப்பை மினிமேக்ஸ் முறையில் (இரு பக்கமும் தனக்குச் சிறந்ததையே ஆடும் என்று வைத்துக் கணக்கிடுவது) மேலே கொண்டுவந்தால், தோற்ற வரிசையில் எந்த இடத்தில் விலகினால் இழப்பு குறைவு என்று தானாகத் தெரிந்துவிடும். செஸ்ஸிலும் செய்யலாம். என் எஞ்சின் ஆட்டமில்லாத நேரத்தில் ஒரு நிலைக்கு ஐந்து நிமிடம் யோசித்து மாற்று நகர்வைச் சேர்க்கிறது. ஓர் இரவில் நூறு நிலைகள் முடிகின்றன. என் அனுபவத்தில் ஆட்ட முடிவுகளைவிட அதிகப் பலன் தந்தது இதுதான்.

8. கோப்பில் எழுதும்போது

ஆடும்போதே புக்கில் எழுதாதீர்கள். இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் எழுத முயன்று என் கோப்பு ஒருமுறை கெட்டது. பதிவுகளின் வரிசை குலைந்தால் புக்கில் ஒரு நிலையைத் தேடுவதே வேலை செய்யாது. லிச்செஸ்-பாட்டில் ஆட்டங்களைச் சேமிக்கும் கோப்புறையைக் குறிப்பிட வசதி உண்டு. நாளுக்கு ஒருமுறை அந்த ஆட்டங்களைப் படித்து, புதிய புக் கோப்பைத் தனியாக எழுதி, பிறகு பெயர் மாற்றுங்கள். மூலப் புக்கைத் தொடவே தொடாதீர்கள். எஞ்சினின் மதிப்பீட்டை மாற்றிப் புதிய பதிப்பு வெளியிட்டால், பழையது கற்றதை ஒதுக்கிவிட்டு மூலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

எடை முழு எண். 2-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 1.8, தசமத்தை வெட்டினால் 1. பத்து சதவீதத் தண்டனை ஐம்பதாகிவிடும். அதனால் முதலில் ஒவ்வொரு நிலையிலும் பெரிய எடை 60,000 ஆகும்படி எல்லாவற்றையும் பெருக்கிக்கொள்ளுங்கள், எல்லை 65,535. பைதான்-செஸ் புக்கைப் படிக்கும், எழுதாது. எழுதும் சில வரிகள் உங்கள் பொறுப்பு.

லிச்செஸ்-பாட்டில் நகர்வுத் தேர்வை 'எடைக்கேற்ற தற்செயல்' என்று வையுங்கள். 'சிறந்த நகர்வு' என்று வைத்தால், எடைகள் இடம் மாறும்வரை எஞ்சின் அதே நகர்வையேதான் ஆடும். அதற்குள் இன்னொரு ஒன்பது ஆட்டம் போய்விடும்.

9. பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

பழகிய எதிராளிகளை வைத்தே அளந்தால் எப்போதும் முன்னேற்றம்தான் தெரியும். கற்றலின்போது பார்க்காத இரண்டு மூன்று எஞ்சின்களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அளக்கும்போது கற்றலை நிறுத்திவிடுங்கள். ஒரு ஆட்டத்தின் முடிவு அடுத்த ஆட்டத்தை மாற்றினால் க்யூட்செஸ் காட்டும் பிழை எல்லையும் எஸ்பிஆர்டி சோதனையும் (போதிய சான்று சேர்ந்ததும் நின்றுவிடும் புள்ளியியல் சோதனை) அர்த்தம் இழக்கும்.

ஆறு வாரம் கழித்து எனக்குக் கிடைத்தது இது. புதிய எதிராளிகளிடம் கற்ற புக்குக்கும் மூலப் புக்குக்கும் பிழை எல்லையைத் தாண்டிய வித்தியாசம் இல்லை. பழைய எதிராளிகளிடம், ஒரே வரிசையில் மூன்று முறைக்கு மேல் தோற்பது நின்றுவிட்டது. முதல் இரவில் ஒன்பது முறை வென்ற அந்தப் பாட் இப்போதும் வருகிறது. நான்காவது ஆட்டத்தில் என் எஞ்சின் வேறு வழியில் திரும்பிவிடுகிறது.